வெந்நீர்க் கலமும் கரைந்த கல்லும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரத்தில் நின்று பார்ப்போருக்கு, இரவு ஷிப்டு முடித்தவர்களை இறக்கிவிடும் கம்பெனிப் பேருந்துகளும் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் பனிமூட்டத்தினூடே எதிரும் புதிருமாகக் கடந்து செல்லும் காட்சி பழகிப்போன ஒன்று. இறங்குகிறவன் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கும் ராத்திரி விழித்த அலுப்பும் இருக்கின்றன. ஏறப்போகிறவன் கண்ணில் இன்னும் தூக்கம் இருக்கிறது. இருவருக்கும் அந்த நேரத்தில் வேண்டியிருப்பது ஒரே வஸ்து, ஒரு வாளி வெந்நீர். மாத்தூரிலும் வல்லத்திலும் படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் வரிசை வரிசையாக எழுந்திருக்கும் லைன் வீடுகளில் அந்த ஒரு வாளி வெந்நீர் கிடைக்காத நாளில் எழுகிற சச்சரவுகளைப் பல வருஷங்களாக அருகிலிருந்து கேட்டு வந்தவன் என்ற முறையிலும், பௌதிகம் போதித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அந்த வெந்நீரைத் தரும் சிறு இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

குளிர்தேசங்களில் வசிப்போர் இல்லத்தின் உஷ்ண சாதனம் என்று சொன்னால், நிலவறையில் ஒரு கொதிகலனும் அதிலிருந்து அறைதோறும் செல்லும் குழாய்களும் சுவரோரத்து இரும்புப் பலகைகளும் சேர்ந்த பெரிய அமைப்பையே குறிப்பிடுவர். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்கள் நீங்கலாக, சூரிய பகவானின் தயவால் நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ஆகவே நமது இல்லத்து உஷ்ண சாதனம் என்பது குளியலறைச் சுவரில் தொங்கும் கீஸரும், அதை வாங்க இயலாதவர்கள் வாளியில் முக்கி வைக்கும் ஹீட்டர் ராடுமே. நம் பாட்டிமார் காலத்தில் அந்த ஸ்தானத்தில் தாமிர பாய்லர் இருந்தது. நடுவே குழாய் போன்ற கணப்பில் கரியும் சிராய்த்தூளும் எரிய, அதைச் சூழ்ந்து நீர் நிற்கும். நெருப்பை நீருக்கு வெளியே வைக்காமல் நீருக்கு நடுவிலேயே வைத்த அந்த யுக்தியை இன்றைய கீஸரும் அப்படியே பின்பற்றுகிறது. கரியின் இடத்தை மின்சாரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. கீஸர் என்ற பெயரோ ஐஸ்லாந்து தீவில் பூமியிலிருந்து பீறிட்டெழும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்து வர்ணம் பூசுபவரான பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், எரிவாயுவால் குளியல் நீரைச் சுடவைக்கும் சாதனம் ஒன்றைச் செய்து அதற்கு அந்த ஊற்றின் பெயரைச் சூட்டினார்.

இயந்திரத்தின் உள்ளே இருப்பவை மிகச் சில. எனாமல் பூசிய எஃகாலோ துருப்பிடிக்காத எஃகாலோ தாமிரத்தாலோ ஆன ஒரு கலம். அடியில் வந்து சேரும் தண்ணீர்க் குழாய். உச்சிவரை நீண்டு சூடான நீரை வாங்கிக்கொள்ளும் மற்றொரு குழாய். காயில் என்று எல்லாரும் அழைக்கும் மின்கம்பி. உஷ்ணம் போதுமான அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது தவறினால் தடுப்பதற்கென்று இன்னொரு கட்-அவுட். வாயிலில் ஒரு பாதுகாப்பு வால்வு. காயில் என்பது வெறும் கம்பியன்று. நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய சுருள், ஓர் உலோகக் குழாயினுள்ளே மக்னீசியம் ஆக்ஸைடுத் தூளின் நடுவில் புதைந்திருக்கிறது; அந்தத் தூள் உஷ்ணத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நாம் மின்சாரம் பாயும் பாத்திரத்து நீரில் தைரியமாகக் குளிக்கிறோம்.

‘கீஸர் சரியாகச் சூடாவதில்லை’ என்று புகார் சொல்லுமுன் அது எவ்வளவு நேரத்தில் சூடாக வேண்டும் என்ற கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிலோ நீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்த 4.186 கிலோஜூல் சக்தி தேவை. 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,070 கிலோஜூல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்றே மேற்பட்ட மின்சாரம் செலவாகும். 2,000 வாட் காயில் அதை 17, 18 நிமிஷங்களில் கொடுத்துவிடும். அரை மணி நேரமாகியும் சூடேறவில்லை என்றால்தான் கோளாறு உண்டென்று கொள்ள வேண்டும். அப்போதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின் அழுத்தத்தை. காயில் தரும் உஷ்ணம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால் சக்தி நான்கில் மூன்று பங்காகிவிடும், நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரே கட்டடத்தில் இருபது அறைகளில் ஒரே விடியலில் இருபது ராடுகள் வாளியில் முங்கும்போது இது நிகழ்வதில் ஆச்சரியமில்லை.

தண்ணீரைத் தேக்காமல் ஓடும்போதே சுடவைக்கும் சிறிய கீஸர்களில் வேறொரு புகார் கேட்கலாம்: தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறதென்பது. 3,000 வாட் காயில் மீது நிமிஷத்துக்கு 3 லிட்டர் வீதம் நீர் ஓடினால் அதன் உஷ்ணம் 14 டிகிரிதான் உயரும். குழாயைப் பாதி மூடி ஒன்றரை லிட்டராக ஆக்கினால் 28 டிகிரிக்கு மேல் உயரும். பழுதுபார்ப்பவனை அழைக்குமுன் குழாயைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பதே இந்த வியாதிக்குப் போதுமான வைத்தியம்.

ஆயினும் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் மின்சாரமும் அன்று, இயந்திரமும் அன்று, தண்ணீரே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரின் பெயரைப் பூமி சாஸ்திர நூல்கள் அறியும். தொன்மையான கிரெடேஷியஸ் யுகத்தில் படிந்த களிக்கல்லும் மணற்கல்லும், அவற்றினிடையே கல்லாய்ச் சமைந்த இலைகளும் அடங்கிய அடுக்குகளுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்றே பெயர். இந்த அடுக்குகளிலும் இவற்றின் அடியிலுள்ள பாறை வெடிப்புகளிலும் தேங்கிய நீரைத்தான் போர் போட்டு மேலே இழுக்கிறோம். மழை நீர் வானத்திலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கீழே இறங்கும் வழியெல்லாம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு கரைந்த பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கு மட்டும் ‘உப்புத் தண்ணீர்’ என்று தெரியும். நீரைச் சுடவைக்கும்போது அந்த வாயு பிரிந்து போய்விடுகிறது. பிரிந்ததும், அதன் துணையால் கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகி விழுகிறது. சர்க்கரையும் உப்பும் சுடுநீரில் அதிகமாகக் கரையும் என்பது நாம் அறிந்தது. சுண்ணாம்புக் கல்லோ அதற்கு நேர்மாறானது. நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு குறைவாகக் கரையும். ஆகவே கலத்தினுள் எது எல்லாவற்றிலும் அதிகச் சூடாயிருக்கிறதோ, அதன்மேல்தான் அது போய் ஒட்டிக்கொள்ளும். காயில் மீது வெள்ளைப் பொருக்கு ஏறுவது ஏன் என்ற கேள்விக்கு விடை இதுவே.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இவ்விதம் நீரில் கரைந்த கல்லின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை சகித்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. 400 மில்லிகிராம் உள்ள ஒரு போர் தண்ணீரை எடுத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டரில் 400 கிராம் கல் கரைந்திருக்கிறதென்று அர்த்தம். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 50 லிட்டர் வெந்நீர் செலவழித்தால் இருபதே நாளில் அந்த ஆயிரம் லிட்டரும் கீஸர் வழியே போய்விடும். அதில் பத்தில் ஒரு பங்கே படிந்ததென்றாலும், வருஷ முடிவில் கலத்தினடியில் அரைக் கிலோவுக்கு மேல் கல் கிடக்கும்.

இந்தப் பொருக்கினால் மின்சாரக் கட்டணம் இரட்டிப்பாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிசகான எண்ணம். காயில் நீரினுள்ளேயே மூழ்கியிருப்பதால் அதில் பிறந்த உஷ்ணம் சற்றுத் தாமதித்தாலும் நீருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வேறு வழி அதற்கில்லை. உண்மையான கேடு காயிலுக்கே நேர்கிறது. தாமிரத்தை நோக்கச் சுண்ணாம்புப் பொருக்கு நூறு மடங்குக்கு மேல் மந்தமாகவே உஷ்ணத்தைக் கடத்தும். தோளில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சித்திரை வெயிலில் உழைப்பவனைப் போல, காயில் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளுக்குள் மேலும் மேலும் சூடேறி, உறை வெடித்து, அந்த வெடிப்பின் வழியே மக்னீசியம் ஆக்ஸைடுத் தூள் ஈரத்தை உறிஞ்சி, காக்க வேண்டிய தூளே மின்சாரத்தை நீருக்குள் விட ஆரம்பிக்கிறது. அதற்கு வெகு நாள் முன்னரே கீஸர் ஓர் எச்சரிக்கை தந்திருக்கும். சூடேறும்போது அடுப்பில் சோளம் பொரிவது போன்ற பொடபொடவென்ற சப்தம் கேட்கும். பொருக்கினடியில் சிக்கிய நீர் கொதித்து வெடிக்கும் ஓசை அது. அந்த ஓசையைக் கேட்டவுடன் செயல்பட்டால் காயிலைக் காப்பாற்றிவிடலாம்.

இந்தத் தொழிற்பேட்டைகளில் நீராவிக் கொதிகலன் வைத்திருக்கும் ஆலை எதிலும், நீரின் கடினத்தன்மையை நீக்காமல் நெருப்பு மூட்டுவதில்லை. நீரைப் பிசின் மணிகளினூடே செலுத்தி மென்மையாக்குகிறார்கள். அளந்து குறித்து வைக்கிறார்கள். அடியில் சேரும் கசடைக் குறித்த வேளையில் ‘ப்ளோடவுன்’ என்று திறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் 1923-ஆம் வருஷத்திலேயே கொதிகலன் சட்டம் பிறந்தது. வெடித்துச் சிதறிய கொதிகலன்கள் மனிதருக்குப் புகட்டிய பாடம் அது. பகலெல்லாம் அந்த ஒழுங்கில் உழைக்கும் இளைஞன் அறைக்குத் திரும்பியதும், அதே சாஸ்திரத்துக்குட்பட்ட ஒரு சிறு கொதிகலனைப் பச்சைப் போர் தண்ணீரின் தயவில் விட்டுவிடுகிறான். ஆலையில் செய்வதைச் சிறு அளவில் வீட்டில் செய்வதே இதற்குப் பரிகாரம்.

முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளிக்கும் சோப்பிலிருந்து சீவிய துருவலை இட்டுக் குலுக்கினால், மழை நீரில் நுரை பொங்கும். கடின நீரில் தயிர் திரிந்தாற்போல் மிதக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எம்.சி.பி.யை இறக்கி, கலம் ஆறிய பின்பு, உள்வரும் குழாயை மூடி, வெந்நீர்க் குழாயைக் காற்றுப் புகத் திறந்து, பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கிச் சில லிட்டர் வடித்துவிட்டால் அடியிலுள்ள கசடில் ஒரு பகுதி நீங்கும். அதுவே நம் ப்ளோடவுன். தெர்மோஸ்டாட்டை அதன் உச்சியில் வைக்காமல் இறக்கி வைப்பதால் படிவும் குறையும், தோல் வேகும் அபாயமும் குறையும். பல பேருக்கான பெருங்கலம் வைத்த விடுதிகளில் மாத்திரம் 60 டிகிரிக்குக் கீழே இறக்கலாகாது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பலரைப் பலிகொண்ட லெஜியனெல்லா என்ற கிருமி, வெதுவெதுப்பான தேங்கிய நீரில் செழித்து வளர்வது.

ஷவரிலும் குழாய் முனையிலும் நீர் நூலாக இறங்குகிறதென்றால், பழுது பெரும்பாலும் கீஸரில் இல்லை. உதிர்ந்த பொருக்குத் துணுக்குகள் சல்லடையில் அடைத்திருக்கும். கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேஜைக் கரண்டி வீதம் கரைத்து, அதில் ஊறப்போட வேண்டும். குமிழி குமிழியாகப் பொங்கும். கல்லானபோது கரியமில வாயுவின் ஒரு பங்கு நீரை விட்டு நீங்கிப்போயிற்று; கல்லினுள்ளேயே தங்கிவிட்ட மறு பங்கு, கல் அமிலத்தில் கரையும்போது வெளிப்படுகிறது. பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்த நம் தாய்மார்கள் அமிலத்தின் இந்தச் சக்தியை நெடுங்காலமாகப் பிரயோகித்து வந்தவர்களே. ஹீட்டர் ராடையும் இவ்விதமே, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, உலோகப் பகுதி மாத்திரம் மூழ்கும்படி நிறுத்தி ஊறவைக்கலாம். கத்தியால் சுரண்டுவது தவறு. கீறல் விழுந்த உறை சீக்கிரம் வெடிக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பிரயோகிப்பது அதனினும் தவறு, அது உலோகத்தையே அரித்துவிடும். எந்த அமிலமானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் விஷ வாயுவான குளோரினை எழுப்பும் என்பதையும் மறக்கலாகாது.

கீஸரின் காயிலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்வதற்கு மின் இணைப்புகளைக் கழற்ற வேண்டியிருப்பதால், அந்தப் பகுதியை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வதே விவேகம். அருகில் நின்று மூன்று காரியங்களைக் கவனித்துக்கொண்டால் போதும். பழைய ரப்பர் வாஷரையே மறுபடி போடக் கூடாது. கலத்தினடியில் கிடக்கும் கல்லைக் கையால் அள்ளி வெளியேற்ற வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு வெந்நீர்க் குழாயில் தாரை தடையின்றி விழுவதைக் கண்ட பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். நீரில்லாத கலத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சில நிமிஷத்தில் புதுக் காயிலும் கருகிப்போகும். மேல்தொட்டி காலியாகிக் கிடந்த நாளுக்கு மறுநாளும் இந்தச் சோதனை அவசியம்.

இனி வால்வைப் பற்றி. எங்கள் தெருவிலுள்ள லைன் வீட்டில் குடியிருந்த தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு நாள் என்னிடம் வந்தான்.

“சார், கீஸர் போட்டா வால்வுல தண்ணி சொட்டுதுன்னு ஓனரம்மா குச்சி வச்சு அடைச்சுட்டாங்க. இப்ப சொட்டல. ஆனா உள்ள என்னமோ உறுமுது.”

நான் உடனே போய் மின்சாரத்தை நிறுத்தச் செய்தேன். அந்த அம்மாள் தண்ணீர் வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில்தான் அடைத்தார்கள். 15 லிட்டர் நீர் 27-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர் அளவு விரிவடைகிறது. நீரைத் திரும்பப் போகவிடாத வால்வு வாயிலில் இருக்கையில், அந்த ஒரு டம்ளர் நீருக்கு வெளியேற வேறு மார்க்கம் ஏது? சூடேறும்போது மட்டும் சொட்டுவது ஆரோக்கியத்தின் அடையாளம். கீஸர் அணைந்திருக்கும்போதும் இடைவிடாமல் சொட்டினால்தான் வால்வில் கல் சிக்கியிருக்கிறதென்று பொருள். நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி நீரைப் பீறிட விட்டால் பல சமயம் சரியாகிவிடும், இல்லாவிடில் புது வால்வு போட வேண்டும். அடைப்பது மாத்திரம் எக்காலத்தும் செய்யத் தகாத காரியம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் தவறி, வால்வும் அடைபட்டிருந்தால், அழுத்தம் ஏற ஏற நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும். 8 பார் அழுத்தத்தில் அதன் கொதிநிலை ஏறத்தாழ 175 டிகிரி. அந்த நிலையில் கலம் கிழிந்தால் நீரின் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது. சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் தம் கையாலேயே குச்சியைப் பிடுங்கிவிட்டு, சொட்டும் நீர் வீணாகாமல் ஒரு மெல்லிய குழாயை வால்வோடு இணைத்து வாளியில் விழும்படி செய்தார்கள்.

மின்சாரக் கோளாறில் வீட்டிலிருப்போர் செய்யத் தக்கது ஒரு சோதனைதான். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் கீஸர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போது நிலைத்து நின்றால் கசிவு கீஸரிலேதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அமைந்த அந்தச் சாதனம் வீட்டிலில்லாத இடத்தில், இதே கசிவு குளிப்பவனின் உடம்பு வழியே போகக் கூடும். லைன் வீட்டுக்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, வேறெதைச் சிக்கனம் செய்தாலும் இதையும் எர்த் கம்பியையும் சிக்கனம் செய்யாதீர்கள் என்பதே. ராடு போட்ட வாளியில் சூடு பார்க்க விரலை விடும் பழக்கம் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. 1,500 வாட் ராடு 18 லிட்டர் நீரை 25-லிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவரப் பதினான்கு, பதினைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு கையை வைக்கலாம்.

மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வெயில் கொளுத்தியும் கீழே வெந்நீர் வராவிட்டால், குழாயின் மேட்டில் காற்று அடைத்திருக்கக் கூடும். இங்கிலாந்தில் குளிர்காலம் தொடங்குகையில் இல்லத்தார் செய்யும் முதல் வேலை, சுவரோரத்து இரும்புப் பலகையின் மூலையிலுள்ள திருகை ஒரு சிறு சாவியால் தளர்த்தி, உஸ்ஸென்று காற்று போய் நீர் துளிர்த்ததும் மூடுவது. நமது மாடியில் அந்தச் சாவியின் வேலையைச் செய்வது மேல்நோக்கி நிற்கும் காற்றுப் போக்கிக் குழாய். அதன் வாயில் குளவிக்கூடோ பொருக்கோ அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே முதற்கடமை.

கடைசியாக, கலத்தைக் காக்கும் ஒரு கோலைச் சொல்ல வேண்டும். எனாமல் பூச்சில் ஊசி முனையளவு பிளவு இருந்தாலும் எஃகு துருப்பிடித்து ஓட்டை விழும். அதைத் தடுக்கக் கலத்தினுள் ஒரு மக்னீசியக் கோல் தொங்கவிடப்பட்டிருக்கிறது. எஃகைவிட எளிதில் அரிபடும் உலோகமாதலால், நீர் முதலில் அதைத் தின்னும். அது இருக்கும்வரை எஃகைத் தொடாது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற பேரறிஞர், கப்பல்களின் அடியில் வேய்ந்த தாமிரத் தகட்டைக் கடல் நீர் அரிக்காதிருக்கத் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் அதனோடு இணைத்துக் காட்டினார், தாமிரம் பிழைத்தது. அதே தத்துவம் நம் குளியலறையில் யாரும் பாராமல் நடந்துகொண்டிருக்கிறது. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் நம் பக்கத்தில் கோல் சீக்கிரம் கரைகிறது. வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, நடுக் கம்பி தெரிந்தால் புதுக் கோல் மாற்ற வேண்டும். கலத்தின் விலையோடு பார்த்தால் அதன் விலை மிகச் சொற்பம்.

தர்மபுரிப் பையன் ஐப்பசி மாதத்து விடுமுறை நாளொன்றில், எலெக்ட்ரீஷியனோடு நின்று அந்த வீட்டுக் கீஸர்கள் ஆறையும் திறந்து சுத்தம் செய்தான். இரண்டில் கோல் கரைந்து வெறும் கம்பியாக நின்றது. மூன்றாவது கலத்திலிருந்து அள்ளிய கல் ஒரு சொம்பு நிறைய இருந்தது. தன் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் தொங்குவதைப் போலவே, ஒவ்வொரு கீஸரின் பக்கத்திலும் ஓர் அட்டையை மாட்டி, கசடு வடித்த தேதி, கோல் பார்த்த தேதி, வால்வு தூக்கிய தேதி என்று மூன்று கட்டம் போட்டு, முதல் வரியைத் தானே எழுதி வைத்தான்.